‘ஆனால்’ நடத்தும் ஆட்சி



1859ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26ஆம் நாள். திருவிதாங்கூர் மன்னர் உத்திரம் திருநாள் ஓர் அறிக்கை விடுத்தார். கல்குளம், விளவங்கோடு, அகத்தீசுவரம், தோவாளை ஆகிய நம் தாலுகாக்கள் நான்கும் அன்று அவர் கொடியின் கீழ்க் கிடந்தவை. நாடார் குலப் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளத் தடையில்லை என்றது அந்த அறிக்கை.

ஒரு தாய் தன் மார்பை மறைக்க மன்னன் அறிக்கை விட வேண்டியிருந்தது! அந்த அறிக்கை வருமுன், 1820களிலிருந்து எத்தனை சந்தைகளில் எத்தனை சேலைகள் கிழிந்தன! எத்தனை வீடுகள் எரிந்தன! எத்தனை பள்ளிகள் சாம்பலாயின! 1829இல் வந்த அறிக்கை, ‘கூடாது’ என்று முகத்தில் அறைந்தது. முப்பது ஆண்டு கழித்து வந்ததோ, ‘சரி’ என்றது. சரி என்றதோடு நின்றதா? குப்பாயம் போடலாம், முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணி சுற்றலாம், வேறு எவ்வகையிலேனும் மறைத்துக்கொள்ளலாம், ஆனால், உயர்சாதிப் பெண்டிர் உடுத்தும் முறையில் மட்டும் உடுத்தலாகாது என்று வால் நீட்டிற்று.

அந்த ‘ஆனால்’ இருக்கிறதே, அதைத்தான் இன்று உங்கள் முன் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப் போகிறேன். மேனியை மறைக்க மட்டுமா அந்தத் தாய்மார் போராடினர்? ‘நீ உடுத்துவதை நானும் உடுத்துவேன்’ என்றன்றோ போராடினர்! சமம் கேட்டவர்க்குத் துணியை அளந்து கொடுத்தது அரண்மனை. மறுப்பவனை எதிர்த்து நிற்கலாம். கொடுத்துக்கொண்டே மறுப்பவனை என் செய்வது?

இந்தச் சூதினை நன்கு அறிந்து, அதற்கு அஞ்சிய சிலர் கடல் கடந்த நாட்டில் இருந்தனர், அந்த அறிக்கைக்கு எழுபது ஆண்டுகள் முன்பே. அமெரிக்கக் குடியரசுக்கு அடிக்கல் நாட்டியோரைச் சொல்கிறேன். 1787இல் பிலடெல்பியா நகரில் கூடி அரசியல் சட்டம் தீட்டினர். கையொப்பமிடும் நேரம் வந்தது. வர்ஜீனியாவின் ஜார்ஜ் மேசன் மறுத்தார். உடனிருந்த மேலும் இருவரும் மறுத்தனர். மக்களின் உரிமைப் பட்டியல் இதில் எங்கே என்பது மேசனின் கேள்வி. அலெக்சாண்டர் ஹாமில்டன் சாதுரியமாக விடை சொன்னார்: இந்த அரசுக்குப் பத்திரிகையை அடக்கும் அதிகாரமே தரப்படவில்லையே, தராத அதிகாரத்துக்குத் தடை எதற்கு? கேட்க இனிக்கும் வாதம். மக்கள் மயங்கவில்லை. உரிமைப் பட்டியல் தேவையில்லை என்று முதலில் கருதியிருந்த ஜேம்ஸ் மாடிசனே, 1789 ஜூன் 8ஆம் நாள் எழுந்து நின்று திருத்தங்களை முன்மொழிந்தார். 1791 டிசம்பர் 15இல் பத்துத் திருத்தங்கள் சட்டமாயின.

முதல் திருத்தம் தொடங்கும் விதத்தைப் பாருங்கள். ‘மக்களே, உமக்குப் பேச்சுரிமை வழங்கினோம்’ என்ற வள்ளல்தனம் அங்கே கிடையாது. காங்கிரசு இன்னின்ன சட்டம் செய்யலாகாது என்றே தொடங்குகிறது. (அங்கே காங்கிரசு என்பது நாடாளுமன்றத்தின் பெயர், தோழர்களே, கதர்க் கட்சியின் பெயரன்று! எனினும் அந்த வாசகத்தை அப்படியே பெயர்த்து நம் ஊர்ச் சுவரில் எழுதினால் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும், அந்நாளில்.) கட்டப்படுவது ஆள்வோன் கை. குடிமகன் வாய்க்கு அங்கே பூட்டு பேசப்படவே இல்லை. பேச்சு, பத்திரிகை, கூட்டம், வழிபாடு, முறையீடு அனைத்தும் அவனுடையவை என்பதை ஐயத்துக்கு இடமின்றி எடுத்துக்கொண்டு, அரசை நோக்கி விரல் நீட்டுகிறது அந்தச் சட்டம்.

உடனே அவர்களுக்கு ஆலாத்தி எடுக்கச் சொல்கிறேன் என எண்ணாதீர். மேசன் அடிமைகளை வைத்திருந்தவர். மாடிசன் வைத்திருந்தவர். எல்லோரும் சமம் என்று எழுதிய ஜெபர்சனும் வைத்திருந்தவர். அவர்களிடமும் ஓர் ‘ஆனால்’ இருந்தது. வெளியே சொல்ல வெட்கப்பட்டு, அடிமை என்ற சொல்லையே எழுதாமல் ‘ஏனைய ஆட்கள்’ என்று எழுதினர். எழுதி, அந்த ஆட்களை ஐந்தில் மூன்று பங்காகக் கணக்கிட்டனர்! மனிதனுக்குப் பின்னம் போட்ட மேதைகள்! அந்த அடிமைத்தனம் ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று, குருதி ஆறு கடந்து. திருவிதாங்கூரில் அடிமைமுறை ஒழிப்பு அறிக்கை 1855இலேயே வந்துவிட்டது, பத்தாண்டு முந்தி. அதற்காக நம் மன்னருக்கு மாலை தொடுக்க வேண்டா. அடுத்த நான்காம் ஆண்டில் அவர் கையொப்பமிட்டதே மேலே கண்ட ‘ஆனால்’.

உரிமைச் சட்டத்தின் மை உலர்ந்து ஏழே ஆண்டுகளில், 1798இல், அரசைப் பழித்து எழுதினால் சிறை என்று அவர்களே சட்டம் செய்ததும் உண்டு. வெர்மாண்டு உறுப்பினர் மாத்யூ லயன் சிறைக்குள் தள்ளப்பட்டார். சிறையிலிருந்தவாறே தேர்தலில் வென்றார்! 1801இல் அந்தச் சட்டம் காலாவதியாயிற்று. அவர்கள் தவறவில்லை என்று நான் வாதாடவில்லை. தவறியபோது, ‘இதோ பார், நீ செய்யலாகாது என்று எழுதப்பட்டிருக்கிறது’ என்று சுட்டிக்காட்ட மக்கள் கையில் ஓர் ஏடு இருந்தது.

நம் கையில் என்ன இருந்தது?

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 19ஆம் விதி, பேச்சுரிமையும் கருத்துரிமையும் உண்டு என்கிறது. அடுத்த மூச்சில் ‘ஆனால்’ வருகிறது, உட்பிரிவாக. அரசியல் நிர்ணய சபையிலேயே 1947இல் சோமநாத் லாகிரி எழுந்து, இந்த உரிமைகளில் பல ஒரு போலீசுக்காரனின் பார்வையிலிருந்து தீட்டப்பட்டவை என்று இடித்துரைத்தார். இதற்கு அண்ணல் அம்பேத்கர் 1948 நவம்பரில் தந்த விளக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பேசுவது நாணயமாகாது. அமெரிக்காவிலும் உரிமை வரம்பற்றதன்று. அங்கே உச்ச நீதிமன்றம் போட்ட வரம்பை இங்கே சட்டமே எழுதி வைக்கிறது. விளைவு ஒன்றே என்றார் அவர். பேரறிஞர் வாதம். எனினும் வரம்பை எழுதும் கோல் எவர் கையில் இருக்கிறது என்பதில் விளைவு வேறுபட்டுவிடுகிறது. அவர் எடுத்துக்காட்டிய கிட்லோ வழக்கில் 1925இல் தண்டனையை ஏற்ற அதே அமெரிக்க நீதிமன்றம், 1969இல் வேறொரு வழக்கில், உடனடி வன்செயலைத் தூண்டினாலன்றி வெறும் பேச்சைத் தண்டிக்கலாகாது என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. நீதிமன்றம் போட்ட வேலியை நீதிமன்றமே தள்ளிப் போட்டது.

இங்கே? சென்னை மாகாணக் காங்கிரசு ஆட்சி, பம்பாயிலிருந்து வந்த ‘கிராஸ் ரோட்ஸ்’ ஏட்டை மாகாணத்துக்குள் நுழையவிடாமல் தடுத்தது. ஆசிரியர் ரமேஷ் தாப்பர் உச்ச நீதிமன்றம் சென்றார். 1950 மே 26இல் தடை செல்லாது என்று தீர்ப்பு. நீதிமன்றம் கதவைத் திறந்தது. பதின்மூன்று திங்கள் நிறைவதற்குள், 1951 ஜூன் 18இல், முதல் திருத்தம் வந்து அந்தக் கதவைச் சாத்திற்று! பொது ஒழுங்கு என்றொரு தாழ். அயல்நாட்டு நட்பு என்றொரு தாழ். குற்றம் செய்யத் தூண்டல் என்றொரு தாழ். வயது வந்தோர் அனைவரும் வாக்களித்த முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது முடியவில்லை. மக்கள் தேர்ந்தெடுக்காத தற்காலிக நாடாளுமன்றம் மக்களின் நாவுக்கு அளவு எடுத்தது. அமெரிக்காவின் முதல் திருத்தம் ஆள்வோன் கையைக் கட்டியது. இந்தியாவின் முதல் திருத்தம் கட்டை அவிழ்த்துவிட்டது.

‘அதே திருத்தந்தானே உங்கள் வகுப்புரிமையைக் காத்தது?’ என்று குறுக்கே வருவார் சிலர். ஆம், காத்தது. செண்பகம் துரைராசன் வழக்கில் வகுப்புவாரி ஆணை வீழ்ந்தபோது பெரியார் தலைமையில் தமிழகம் கொதித்தெழுந்தது. 15ஆம் விதியின் நான்காம் உட்பிரிவு பிறந்தது. அது நாம் கேட்டுப் பெற்றது. வாயில் மூடிக் கிடந்தவர்களுக்கு வாயிலைத் திறந்தது. அதே வண்டியில், நாம் கேட்காத விலங்கையும் ஏற்றி அனுப்பியவர் எவர்? ‘நியாயமான’ என்ற சொல்லை அத்திருத்தம் கட்டுப்பாடுகளின் முன் சேர்த்ததையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஒற்றைச் சொல்லைப் பற்றிக்கொண்டுதான் நீதிமன்றங்கள் இன்றளவும் சிலரையேனும் மீட்கின்றன.

ஏட்டில் இருந்த ‘ஆனால்’ நம் மண்ணில் துப்பாக்கியாக வந்த நாளும் உண்டு. 1954 ஆகஸ்டு 11. தாய்த் தமிழகத்தோடு இணைய வேண்டும் என்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் திரண்ட நம்மவர் மீது திருவிதாங்கூர்-கொச்சிப் போலீசு சுட்டது. தமிழர் வீழ்ந்தனர். ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமை 19ஆம் விதியில் அன்று இல்லாமலா போயிற்று? இருந்தது, நான்கரை ஆண்டு வயது. அன்றைய முதலமைச்சர் பட்டம் தாணு பிள்ளையைப் பதவி விலகச் சொன்னவர் அவர் கட்சியின் பொதுச்செயலாளர் லோகியாவே. பிள்ளை விலகவில்லை. 1956 நவம்பர் 1இல் நாம் தமிழகத்தில் இணைந்தோம், அந்தக் குருதியின் மேல் நடந்து.

பிற்பாடு வந்தவற்றை விரைந்து சொல்கிறேன். 1963இல் பதினாறாம் திருத்தம்: ‘இறையாண்மை, ஒருமைப்பாடு’ என்று மேலும் ஒரு தாழ், திராவிடநாடு கேட்ட தி.மு.க.வைக் குறிவைத்தது என்பது ஊரறிந்த செய்தி. 1976 ஏப்ரல் 28இல், நெருக்கடி நிலையில் சிறைப்பட்டோன் நீதிமன்றக் கதவைத் தட்டவே முடியாது என்று நால்வர் தீர்ப்பளிக்க, எச்.ஆர்.கன்னா ஒருவரே மறுத்து நின்றார்.

நாடகம் எழுதிப் பழகிய கை. இதையெல்லாம் மேடையில் இப்படித்தான் காட்டுவேன்:

குடிமகன்: ஐயா, பேசலாமா?

அதிகாரி: தாராளமாக!

குடிமகன்: சந்தையிலே?

அதிகாரி: போக்குவரத்து கெடும்.

குடிமகன்: திடலிலே?

அதிகாரி: அமைதி கெடும்.

குடிமகன்: என் வீட்டுத் திண்ணையிலே?

அதிகாரி: எதைப் பற்றி?

கன்னியாகுமரியிலிருந்து கடலோரமாக வடகிழக்கே சென்றால் இடிந்தகரை. கூடங்குளம் அணு உலை வேண்டா என்று 2011இலும் 2012இலும் மணலில் அமர்ந்து குரல் கொடுத்த மீனவக் குடும்பங்கள் மீது, வெள்ளையன் விட்டுச் சென்ற 124-அ பிரிவின்படி தேசத்துரோக வழக்கு! ஒருவர் இருவர் மீதா? ஆயிரக்கணக்கானோர் மீது! அந்தப் பிரிவை 2022 மே 11இல் உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. 2024 ஜூலை 1இல் புதிய தண்டனைச் சட்டம் வந்தது. பழைய பேய் 152 என்ற புது எண்ணை நெற்றியில் ஒட்டிக்கொண்டு எழுந்து வந்தது.

தடையே இல்லாவிட்டால் கலகக்காரன் கொட்டமடிப்பானே என்பார்கள். அடிப்பவனைத் தடுங்கள், வேண்டாமென்றா சொன்னோம்? ஏன் தடுத்தேன் என்று காரணம் காட்ட வேண்டியவன் தடுப்பவன். ஏன் பேசினேன் என்று பேசியவனைக் காரணம் காட்டச் சொல்வதைத்தான் எதிர்க்கிறோம்.

ஊர்தோறும் கூட்டம் போடும் தோழர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காயன்று. ‘30(2) அமலில் இருக்கிறது, அனுமதி கிடையாது’ என்ற பதிலைக் காவல் நிலையத்தில் கேட்டிராதார் நம்மில் எவர்? அந்த 30 என்பது 1861ஆம் ஆண்டின் காவல் சட்டப் பிரிவு. மன்னரின் ‘ஆனால்’ பிறந்து இரண்டே ஆண்டுகளில் பிறந்த தம்பி அது. கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்கு செய்யத்தான் அதிகாரம் தருகிறது. அடியோடு விலக்க அன்று. ஆகவே வாய்மொழி மறுப்பை வாங்கிக்கொண்டு வீடு திரும்பாதீர். மனுவுக்கு ஒப்புகை வாங்குங்கள். மறுப்பதாயின், நாளும் காரணமும் குறித்து, கையொப்பத்தோடு எழுத்தில் தரச் சொல்லுங்கள். அந்தத் தாளுடன் மதுரைக்கு வண்டி ஏறுங்கள். உயர் நீதிமன்றக் கிளை அங்கே இருக்கிறது. ரமேஷ் தாப்பருக்குத் தில்லி வரை செல்ல நேர்ந்தது. நமக்கு மதுரை ஒன்றும் தொலைவில்லை.