உண்ணி ஒழிய சட்டம் மட்டும் போதுமா?

சிவகாசி, சாத்தூர் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகும் பல குடும்பங்களுக்குக் கலப்பினக் கறவை மாடு பெரிய ஆதரவு. மழை நாளில் பட்டாசு காய வைக்க முடியாமல் வேலை நின்றாலும் பால் காசு வந்துவிடும். அந்த மாடு காப்பி நிறத்தில் சிறுநீர் கழித்தாலோ, கடுங்காய்ச்சலுடன் நிணநீர்க் கட்டிகள் வீங்கினாலோ, உண்ணி பரப்பிய நோயா என்று உடனே சந்தேகிக்க வேண்டும்.

பபீசியா, தைலீரியா எனும் இந்நோய்கள் 2009-ஆம் ஆண்டின் மத்திய கால்நடைத் தொற்றுநோய்ச் சட்டத்தின் பட்டியலில் உள்ளன. நோய் கண்டால் உரிமையாளர் கிராம அதிகாரிக்கோ ஊராட்சிக்கோ தெரிவிக்க வேண்டும். மாட்டைத் தனியே கட்டவும் வேண்டும். விவசாயிகள் கூட்டங்களில் கேட்டால் இதை அறிந்தவர் மிகச் சிலரே. அறிந்தவரும், "சொன்னால் சந்தைக்கு ஓட்ட விடமாட்டார்களே, ஐயா" என்கிறார்கள். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் மறைப்பது ஆபத்து. 2011 ஜனவரியில் குஜராத்தில் உண்ணியால் பரவும் கிரிமியன்-காங்கோ காய்ச்சல் கண்டபோது, சிகிச்சை தந்த மருத்துவரும் செவிலியரும் இறந்தார்கள். (நம் ஊர்களில் 'உண்ணிக் காய்ச்சல்' என்பது வேறு, அது புதரில் இருக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது.)

சட்டத்தால் பயனில்லை என்றும் சொல்வதற்கில்லை. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1906-இல் மாட்டு உண்ணி ஒழிப்பு தொடங்கியது. மாடுகளை 2 வாரத்துக்கு ஒருமுறை மருந்துத் தொட்டியில் முக்கியெடுக்கக் கட்டாயப்படுத்தினார்கள். கோபங்கொண்ட விவசாயிகள் சில இடங்களில் தொட்டிகளையே வெடி வைத்துத் தகர்த்தார்கள்! ஆயினும் 1943-க்குள் மெக்சிகோ எல்லையோரம் தவிர மற்ற இடங்களில் அந்த உண்ணி ஒழிந்தது. ஊர் மாடுகள் அத்தனைக்கும் சேர்த்துச் செய்ததே காரணம்.

இங்கோ ஒரு வீட்டில் மருந்து தெளித்தால் அடுத்த வீட்டு உண்ணி வந்து ஏறுகிறது. பெண் உண்ணி மாட்டிலிருந்து உதிர்ந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். வெடிப்பைத் தீயால் சுடச் சொல்வது வழக்கம். பட்டாசுக் குழாய் சுற்றும் வீடுகள் உள்ள ஊரில் நான் அதைச் சொல்லமாட்டேன். வெடிப்பைப் பூசி, சுண்ணாம்பு அடியுங்கள். மாட்டுக்கு மண்ணெண்ணெய் தடவுவதும் வேண்டாம்.

கடமையை விவசாயி தலையில் வைத்த அரசு, ஊராட்சிதோறும் ஒரே நாளில் மாடு, எருமை, ஆடு அனைத்துக்கும் இலவசமாக மருந்து தெளித்துத் தர வேண்டும். ரத்தப் பரிசோதனை முடிவும் அடுத்த சந்தைக்குள் கைக்கு வர வேண்டும். அக்டோபர் 2 கிராமசபையில் இதைத் தீர்மானமாகவே கேளுங்கள். மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அதுவரை காத்திராமல் 1962 எண்ணுக்குப் பேசுங்கள்.