மருந்து நிறுத்திய தேதி எங்கே?



"ஊசி போட்ட கோழியா?" என்று கேட்காத வாடிக்கையாளர் இன்று இல்லை. கறிக்கோழி 40 நாளில் 2 கிலோ வருவது இனத்தாலும் தீவனத்தாலும். ஹார்மோன் ஊசியால் அல்ல. இதை அடித்துச் சொல்வேன். ஆனால் கறியில் ஆன்டிபயாடிக் மிச்சம் உண்டா என்று கேட்டால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. 2014-ல் டெல்லி அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் அங்குள்ள 70 கோழி மாதிரிகளைச் சோதித்ததில் 40 சதவீதத்தில் மிச்சம் இருந்தது. சமைத்தாலும் பல மருந்துகள் முழுதாகப் போவதில்லை.

எல்லோரும் மருந்துக் கம்பெனியைத் திட்டுகிறார்கள். செங்கல்பட்டில் முப்பது வருடமாக லோடு இறக்கும் நான் பார்த்தவரை, குறை பண்ணை ஆளிடம் தொடங்குகிறது. ஆளிடம் என்றால் அவன் மேல் தவறு என்று பொருளல்ல. ஐயாயிரம் கோழிக்கு வெளிமாநிலத்துக் கணவன் மனைவி இருவர் மட்டும். கூளத்தைக் கிளற நேரமில்லை. ஈரம் ஏறினால் ரத்தக் கழிச்சல், நெடி ஏறினால் சளி, உடனே மருந்து. இன்னும் ஓர் ஆள் இருந்தால் பாதி மருந்து தேவைப்படாது.

திருக்கழுக்குன்றம் பக்கம் ஒரு பண்ணையில் லோடு ஏற்றப் போனேன். அன்று காலையிலும் தண்ணீர்த் தொட்டியில் மருந்து கலந்திருந்தார்கள். ஒடிசாக்காரப் பையனைக் கேட்டேன். போடச் சொன்னார்கள், நிறுத்தச் சொல்லவில்லை என்றான். டப்பாவில் இருந்ததோ ஆங்கிலம். மருந்து நிறுத்திய பின் கோழி எத்தனை நாள் பண்ணையில் நிற்க வேண்டும் என்பதை அவனுக்கு யார் சொன்னார்கள்?

நம் பங்கும் உண்டு, மறைப்பானேன். மாமல்லபுரம் ஓட்டல்களில் சனி, ஞாயிறு கிராக்கி என்றால், இரண்டு நாள் முன்னதாகவே பிடி என்று போன் செய்வது நாம்தான். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, சரக்கு யாரிடம் வாங்கியது என்று காட்ட முடியாத வியாபாரியே பொறுப்பாளி. கோலிஸ்டினைக் கால்நடைக்குக் கொடுக்க 2019-லேயே தடை வந்துவிட்டது.

எனவே லோடு சீட்டிலேயே மருந்தின் பெயர், நிறுத்திய தேதி, பண்ணையாளர் கையெழுத்து மூன்றையும் கேட்கிறேன். பண்ணை ஆளுக்கு அவன் மொழியில் ஓர் அட்டை எழுதித் தொட்டியருகே மாட்டச் சொல்கிறேன். இதனால் இரண்டு பண்ணையாளர்கள் வேறு வியாபாரியிடம் போய்விட்டார்கள். அந்த வியாபாரியும் நம் சங்க உறுப்பினர்தான். அடுத்த கூட்டத்தில் எல்லோரும் சேர்ந்து இதைத் தீர்மானமாக்கினால் அவர்கள் போக இடமிராது. மாமல்லபுரம் ஓட்டல்காரர் ஒருவர் அந்தச் சீட்டை ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டார்.