வாடகை வண்டி விபத்தும் சங்கத்துக் கூலிப் பதிவேடும்

சென்ற ஆண்டு நெசவாளர் சங்கம் ஒன்றை ஆய்வு செய்யச் சென்றிருந்தபோது, அதன் காரியதரிசி சற்றுத் தயக்கத்துடன் ஒரு தாளை என் முன் வைத்தார். அங்கத்தினர் ஒருவருடைய மனைவி மாதந்தோறும் இன்ன தொகை நெசவுக் கூலியாக ஈட்டி வந்தார் எனச் சங்கம் அத்தாட்சி அளிப்பதாக அதில் எழுதியிருந்தது. கையெழுத்து மட்டுமே பாக்கி.

அந்த அம்மையார் நகரத்திற்குச் சென்றபோது, கைப்பேசிச் செயலி மூலம் அழைத்த மோட்டார் சைக்கிளில் பின்னே அமர்ந்து சென்றிருக்கிறார். சரக்கு வேன் ஒன்று மோதியதில் வலது மணிக்கட்டு முறிந்தது. எலும்பு கூடிய பின்னும் விரல்கள் முழுதும் மடங்கவில்லை. வீட்டிலுள்ள இரு தறிகளில் ஒன்று நின்றுவிட்டது. ஆயினும் இரு தறிகளும் கணவர் பெயரிலேயே இருந்தன; கூலிப் பதிவேட்டில் அம்மையாரின் பெயர் எங்கும் இல்லை. இல்லாததை இருப்பதாக எழுதுவதற்கில்லை என்று சொல்லி நான் கையெழுத்தைத் தடுத்தேன். அங்கிருந்தோர் என்னை இரக்கமற்றவன் என்று எண்ணியிருக்கக்கூடும்.

இத்தகைய விபத்தில் இன்ஷூரன்ஸ் எவ்வாறு வேலை செய்கிறது என்பதை அங்கத்தினர்கள் அறிந்திருத்தல் நலம். மஞ்சள் எண்பலகையுடன் வாடகைக்கென அனுமதி பெற்ற ஆட்டோவிலோ காரிலோ செல்லும் பிரயாணிக்கு, அவ்வண்டியின் கட்டாய இன்ஷூரன்ஸே பொறுப்பேற்கிறது. வெள்ளை எண்பலகை வண்டியின் நிலை வேறு. அது சொந்த உபயோகத்திற்கென இன்ஷூர் செய்யப்பட்டது. குறைந்தபட்சப் பாலிஸி மட்டும் இருந்தால் பின்னிருக்கைக்காரருக்கு அதில் பாதுகாப்பே இல்லை. விரிவான பாலிஸி இருந்தாலும், வாடகைக்கு ஓட்டியதால் நிபந்தனை மீறப்பட்டது எனக் கம்பெனி வாதிடும். சில வழக்குகளில் கம்பெனி முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னர் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ளுமாறு தீர்ப்பாகியுள்ளது. அதை நம்பி வண்டியில் ஏற முடியாது.

ஆனால் மோதியது வேறொரு வண்டியாயின், நாம் ஏறிச் சென்ற வண்டியின் எண்பலகை நம் வழக்கைக் கெடுத்துவிடாது. இரு ஓட்டிகளும் பிழை செய்திருந்தால், பிரயாணி அவ்விருவரில் எவரிடமிருந்தும் முழு நஷ்டஈட்டையும் கோரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்த்திருக்கிறது. இந்தக் குடும்பத்தார் இதை அறியாமல், செயலி நடத்தும் கம்பெனியின் பதிலுக்காக நான்கு மாதங்கள் காத்திருந்தனர். 2022 ஏப்ரல் முதல் அமலுக்கு வந்த சட்டத் திருத்தமோ, விபத்து நடந்த ஆறு மாதங்களுக்குள் மனுச் செய்யச் சொல்கிறது. அவ்விதியை எதிர்த்து வழக்குகள் தொடரப்பட்டிருப்பது உண்மையே. அதற்காக நாம் காலம் கடத்தலாகாது. முதல் தகவல் அறிக்கையில் இரு வண்டிகளின் எண்களும், தாம் பிரயாணியாகச் சென்றதும் பதிவாகியுள்ளனவா என்று உடனே பார்க்க வேண்டும். செயலியில் காட்டிய எண் ஒன்று, வந்து நின்ற வண்டியின் எண் வேறொன்று என்பதும் நடக்கிறது. சிகிச்சையைப் பொறுத்தவரை, 2025 மே மாதம் மத்திய சர்க்கார் அறிவித்த திட்டத்தின்படி, அதில் சேர்ந்த மருத்துவமனைகளில் ஏழு நாள் வரை ரூ. 1,50,000க்கு மிகாமல் ரொக்கமின்றிப் பெறலாம்.

இனி நஷ்டஈட்டுக் கணக்கு. காயத்தின் அளவு வேறு, அதனால் தொழிலில் நேரும் நஷ்டத்தின் அளவு வேறு என உச்ச நீதிமன்றம் 2010இல் விளக்கியுள்ளது. எழுத்தருக்கு மடங்காத விரல் ஓர் இடைஞ்சல். நெசவாளிக்கு அது ஜீவனமே போனதற்கு ஒப்பாகும். உதாரணமாக, 42 வயதில் மாதம் ரூ. 8,000 ஈட்டியவருக்கு ஆண்டு வருமானத்தை 14ஆல் பெருக்க வேண்டும், ரூ. 13,44,000 வருகிறது. மருத்துவர் எழுதும் 20 சதவீத ஊனத்தை மட்டும் கொண்டால் கிடைப்பது ரூ. 2,68,800. தொழில் நஷ்டம் 60 சதவீதம் என மெய்ப்பித்தாலோ ரூ. 8,06,400. இவ்வளவும் அந்த ரூ. 8,000 ருசுவான பிறகுதான். ருசு இல்லையெனில் நீதிமன்றம் தானே ஒரு தொகையை உத்தேசிக்கும்.

அந்த ருசு இருக்க வேண்டிய இடம் நமது கூலிப் பதிவேடு. மனைவியும் மகளும் நெய்வதையெல்லாம் ஆடவர் ஒருவர் பெயரிலேயே எழுதும் வழக்கம் பல சங்கங்களில் உள்ளது. கேட்டால், ஒரே குடும்பந்தானே, கணக்குச் சுலபம் என்கிறார்கள். எனக்கு இது சம்மதமில்லை. இப்படி எழுதுவதால் கணவரின் வருமானம் உள்ளதைவிட இருமடங்காகவும், மனைவியின் வருமானம் பூஜ்யமாகவும் தோன்றுகிறது, இரண்டும் பொய். நெய்கிறவர் எவரோ அவரை அங்கத்தினராக்கி, அவர் பெயரிலேயே கூலியை எழுதுவதில் என்ன சிரமம்? விளைபொருள் சங்கங்களில் எடைச்சீட்டு எழுதும்போதும் இதைக் கவனிக்கலாம்.

அன்று அத்தாட்சியைத் தடுத்துவிட்டு நான் சும்மா திரும்பவில்லை. காரியதரிசியும் நானும் மாலை வரை பதிவேட்டைப் புரட்டினோம். விபத்துக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் அவ்வீட்டிலிருந்து மாதம் எட்டுச் சேலைகள் வந்திருந்தன; விபத்துக்குப் பிறகு நான்கே. குறைந்துபோன அந்த நான்கு யாருடையவை என்பதைப் பதிவேடு சொல்லாமல் சொல்லிற்று. உள்ள பக்கங்களை உள்ளபடியே நகலெடுத்துச் சான்றளித்துக் கொடுத்தோம். ஐந்தாம் மாத இறுதியில் மனுத் தாக்கலாயிற்று. வேன் இன்ஷூரன்ஸ் கம்பெனியின் வக்கீல் அந்த நகலைப் பற்றிக் காரியதரிசியைக் குறுக்கு விசாரணை செய்திருக்கிறார். தீர்ப்பு இன்னும் வரவில்லை.

அம்மையாரைச் சங்கத்தில் அங்கத்தினராகச் சேர்த்திருக்கிறார்கள். ஓடுகிற தறி கணவர் பெயரில் இருக்கிறது. நின்றுபோன தறி இப்போது அவர் பெயரில்.