பதினான்கு மாடியும் பாளமாய் வெடித்த சுவரும்

திருச்சுழிப் பக்கத்துக் கரிசற் சிற்றூரிலிருந்து சென்னை சென்று திரும்பியவரைக் கேளுங்கள். கடற்கரை கண்டேன் என்பார். அடுத்த மூச்சிலே எல்.ஐ.சி. கட்டடம் கண்டேன் என்பார். கழுத்து நோக அண்ணாந்து பார்த்த கதையை அருப்புக்கோட்டைத் தறிக்குழி ஓரத்திலே நாமும் எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். "அடேயப்பா, பதினான்கு மாடி!" அவ்வளவுதான், கதை முடிந்தது. கோபுரத்தைக் கண்டு கும்பிட்டுப் பழகிய கண், மாடியைக் கண்டும் மலைக்கத்தான் செய்கிறது!

எண்ணிப் பார்ப்போம், தோழர்களே. மவுண்ட் ரோடு என்று அந்நாளில் வழங்கிய சாலையிலே, 1953-இல் இதனை எழுப்பத் தொடங்கியவர் யுனைடெட் இந்தியா ஆயுள் இன்ஷூரன்ஸ் கம்பெனியை நடத்திவந்த எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார். மறு ஆண்டே சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் மாண்டார். 1956-இல் ஆயுள் இன்ஷூரன்ஸ் தொழிலை அரசே ஏற்றது. 245 நிறுவனங்கள் ஒன்றாயின. அரைகுறைக் கட்டடமும் கைமாறிற்று. கால்கோள் செய்தவர் மாண்டால் அபசகுனம் என்று கைகழுவுவர் நம் ஊரிலே. அங்கோ, கட்டடம் வளர்ந்தது! 1959 ஆகஸ்டில் மொரார்ஜி தேசாய் திறந்துவைத்தபோது 177 அடி. 1975-இல் தீ தின்றது, பழுது பார்த்தனர், இன்றும் நிற்கிறது.

எதன்மீது நிற்கிறது? சுண்ணாம்பும் செங்கல்லும் சுமை தாங்கிய பழைய முறையை விட்டு, கான்கிரீட் தூண்களிடம் சுமையை ஒப்படைத்த கணக்கின்மீது. மற்றொரு கணக்கும் உண்டு. நமக்கு அதுவே பெரிது. இன்னார் இன்ன நாளில் இறப்பார் என்று இன்ஷூரன்ஸ் கணக்கர் கூறார். பல்லாயிரவரில் இந்த வயதினர் ஓராண்டில் எத்தனை பேர் இறப்பர் என்பதை இறப்பு அட்டவணை கொண்டு கணிப்பார். அதற்கேற்பத் தவணை விதிப்பார். வயது கேட்பார், நோய் கேட்பார், தொழில் கேட்பார். நட்சத்திரம் கேட்கிறாரா? ஏழரைச் சனி பிடித்தவனுக்குத் தவணையை ஏற்றும் கம்பெனி எங்கேனும் உண்டா? இருந்தால் சோதிடரே அங்கு பாலிசி எடுக்கமாட்டார்!

ஆயினும், அந்தப் பாலிசித் தாளை நம்மவர் எங்கே வைக்கிறார்? தகரப் பெட்டியில், ஜாதகத்தின்மேல்! தலையெழுத்து உண்மையானால் தவணை வீண். தவணை தேவையானால் தலையெழுத்து பொய். இரண்டையும் ஒரே பெட்டியில் பூட்டி, சாவியை இடுப்பில் செருகித் திரிகிறார்.

வீட்டுச் சுவரிலும் இதே கூத்து. நம் கரிசல், மழையில் உப்பும். கோடையில் சுருங்கி வாய்பிளக்கும். அதன்மேல் ஆழமின்றிக் கடைக்கால் போட்ட வீடு பாளமாய் வெடிக்காமல் என்ன செய்யும்? வருகிறார் வாஸ்து பண்டிதர். வாசல் குற்றம் என்கிறார். கடன் வாங்கி வாசலை இடித்து மாற்றுகிறான் நெசவாளி. அடுத்த கோடையில் புதுவாசலுக்கு மேலேயே வெடிப்பு! இதே கரிசலுக்காக, அடியில் குடம்போல் விரிந்த கான்கிரீட் தூண்களை, ஈரம் ஏறி இறங்காத ஆழம்வரை இறக்கும் முறையை ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் எப்போதோ வகுத்துத் தந்துவிட்டது. பதினான்கு மாடியை அண்ணாந்து பார்த்துத் திரும்பிய நண்பர், இனி வீடு கட்டுமுன் குனிந்து மண்ணையும் பார்க்கட்டும். பண்டிதருக்கு எடுத்துவைத்த தட்சணையை மண் சோதனைக்குக் கட்டட்டும்.