கடலருகே ஓர் இரவு

பள்ளியிலிருந்து ஒரு தாள் வருகிறது. ஒன்பதாம் வகுப்பு மாணவ மாணவியர் கடல் அறிவியல் கற்க மண்டபம், பாம்பன் பகுதிகளுக்குச் செல்கின்றனர். ஓர் இரவு அங்கே தங்குவர். பெற்றோர் ஒப்புதல் தந்து கையெழுத்திட வேண்டும். இவ்வளவுதான் செய்தி. ஆனால் தாளைப் படித்த வீட்டில் அன்றிரவு உணவு வேளை அமைதியாகக் கழிவதில்லை. தந்தை செலவைப் பற்றிக் கேட்பார். தாய் இரவைப் பற்றிக் கேட்பார். "காலையில் போய் மாலையில் திரும்பினால் ஆகாதா? கடல் என்ன, ஓடியா போய்விடும்?"

அன்புத் தாய்மாரே, கடல் ஓடித்தான் போகிறது. நாளொன்றுக்கு இருமுறை அது ஏறுகிறது, இருமுறை வற்றுகிறது. அந்த நேரமும் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் பிந்திக்கொண்டே போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் ஏற்றமும் வற்றமும் மிகும. மன்னார் வளைகுடாவில் இந்த ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் உயரத்தை எட்டுவது அரிது என்றாலும், தட்டையான கரையில் அவ்வளவு நீர் விலகுவதே போதும். நண்டும் நட்சத்திர மீனும் கடற்புல்லும் கண்ணுக்குப் புலப்பட்டுவிடும். வற்றம் விடியலில் என்றால் விடியலில் அங்கே இருக்க வேண்டும். படகுகள் பல மீனுடன் கரை சேர்வதும் காலையில்தான். மதுரையில் பொழுது புலர்ந்தபின் புறப்பட்டு நண்பகல் நெருங்கும் வேளையில் போய்ச் சேரும் பிள்ளைகள் காண்பது வெயிலும் மணலும் ஐஸ் வண்டியுமே. ஆகவே இரவுத் தங்கல் என்பது ஆசிரியர்களின் ஆடம்பரம் அன்று; பாடத்தின் தேவை.

பாடத்திற்கு இதைவிடப் பொருத்தமான இடம் நம் மாநிலத்தில் எளிதில் கிடைக்காது. மண்டபம் ஒரு குறுகிய நிலநாக்கு. அதன் வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. வாடைக் காற்று வீசும் மாதங்களில் வடகடல் கொந்தளிக்கத் தென்கடல் அடங்கியிருக்கும். கச்சான் காலத்தில் நிலைமை தலைகீழாகும். இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற நம் தொழிலாளரை ஒரு காலத்தில் நிறுத்தி வைத்துச் சோதித்து அனுப்பிய முகாம் இங்கேதான் இருந்தது. மண்டபம் முகாம் என்ற பெயர் இன்றும் நிலைத்திருக்கிறது. 1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் நெடுங்காலம் இவ்வூரையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1971இல் தலைமையிடம் கொச்சிக்கு மாறிய பின்னரும், ஆய்வு நிலையமும் மீன் காட்சியகமும் இங்கே இயங்கி வருகின்றன. எதிரே தீவுகள். 1986இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட 21 தீவுகளின் வரிசை இங்கிருந்து தூத்துக்குடி வரை நீள்கிறது. வனத்துறையின் அனுமதியின்றி அவற்றில் கால் வைக்க இயலாது என்பதைப் பள்ளிகள் முன்னரே அறிந்திருத்தல் நலம். வடபுறத்துப் பாக் விரிகுடாவில், மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசுவுக்கெனவே 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் காப்பகமாக ஒதுக்கப்பட்டது. அந்த உயிரைப் பிள்ளைகள் காண்பார்களா என்று கேட்டால், பெரும்பாலும் காணமாட்டார்கள். அது மேயும் கடற்புல்லைக் காண்பார்கள்.

இனி, ஒப்புதல் தாளுக்கு வருவோம். அதைப் பற்றியே இம்மாதம் சற்று விரிவாகப் பேச விரும்புகிறோம்.

அத்தாளில் ஒரு வரி இருக்கும்: "பிள்ளைக்கு ஏதேனும் நோய் உண்டா?" அதனெதிரே ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் "இல்லை" என்றே எழுதுகின்றனர். எல்லா வீட்டிலும் அது உண்மையாக இருக்க முடியுமா? நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒருவருக்கேனும் ஆஸ்துமா இராதா? ஒருவர் வலிப்புக்கு மாத்திரை உண்ணுவதில்லையா? இறால் தின்றால் உடல் தடித்து மூச்சு முட்டும் பிள்ளை ஒன்று இராதா? இருக்கும். பெற்றோர் ஏன் மறைக்கிறார்கள் என்பதையும் நாம் உணர்கிறோம். சொன்னால் பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விடுவார்களோ என்ற அச்சம் ஒன்று. பெண் பிள்ளையானால், இன்று பள்ளியில் எழுதிக் கொடுத்தது நாளை சம்பந்தம் பேச வருவோர் காதில் விழுமோ என்ற அச்சம் மற்றொன்று. இரண்டாவது அச்சத்தை நாம் ஏளனம் செய்யவில்லை. நம் ஊர்கள் எப்படிப்பட்டவை என்பது நமக்கும் தெரியும். ஆனால் எண்ணிப் பாருங்கள். பயண உற்சாகத்தில் பிள்ளை இரவு சரியாக உறங்குவதில்லை. மாத்திரை பெட்டிக்குள் இருக்கிறது; தோழியர் பார்த்துவிடுவார்களே என்று அவள் அதை எடுக்கவில்லை. தூக்கம் கெடுவதும் மாத்திரை தவறுவதும் வலிப்பை வரவழைக்கும் என்பதை மருத்துவர் எவரும் சொல்வார். மறுநாள் காலை அவள் நிற்பது கடல் நீரில். அந்த நிலையில் விழுந்தவளுக்கு முழங்கால் ஆழமே மிகுதி. அருகில் நிற்கும் ஆசிரியைக்கோ ஏதும் தெரியாது. ஏனெனில் தாளில் "இல்லை" என்று இருக்கிறது.

இதற்கு வழி உண்டு. தாளில் எழுத மனமில்லையெனில், தாயோ தந்தையோ நேரில் சென்று தலைமை ஆசிரியரிடம் சொல்லலாம்; அல்லது ஒட்டிய உறையில் எழுதித் தரலாம். எந்த மருந்து, எத்தனை மணிக்கு, மருத்துவர் யார், அவரது தொலைபேசி எண் யாது என்ற நான்கும் அதில் இருந்தால் போதும். பயணத்தில் பொறுப்பேற்கும் ஆசிரியர் ஒருவரைத் தவிர வேறெவரும் அதைப் பார்க்கலாகாது. திரும்பி வந்ததும் அதைப் பெற்றோரிடமே தந்துவிட வேண்டும். பள்ளியின் பக்கமும் ஒரு கடமை உண்டு: உண்மையைச் சொன்ன குற்றத்திற்காகப் பிள்ளையை ஒதுக்கிவைக்கலாகாது. மருத்துவர் தடுத்தாலொழிய அழைத்துச் செல்ல வேண்டும். ஒரு பிள்ளையை விட்டுச் சென்றால், அடுத்த ஆண்டு உண்மை சொல்லும் பெற்றோர் ஒருவர்கூடக் கிடைக்கமாட்டார். சிறு பிள்ளைகளில் சிலர் உறக்கத்தில் படுக்கையை நனைப்பர்; சிலர் எழுந்து நடப்பர். இவையும் சொல்லப்பட வேண்டியவையே. நள்ளிரவில் ஒருமுறை மெல்ல எழுப்பி அழைத்துச் செல்லும் ஆசிரியை இருந்தால், அந்தப் பிள்ளையின் மானம் காக்கப்படும்.

கையெழுத்திடும் முன் பெற்றோர் பள்ளியைக் கேட்கவும் உரிமை உண்டு. தங்குமிடத்தை ஆசிரியர் எவரேனும் முன்கூட்டிச் சென்று பார்த்தாரா? மாணவியருடன் செல்லும் ஆசிரியைகள் எத்தனை பேர்? அவர்கள் அதே கட்டடத்தில் உறங்குவார்களா? அருகிலுள்ள மருத்துவமனை எது? படகுப் பயணம் உண்டெனில் ஒவ்வொரு தலைக்கும் ஒரு மிதவை அங்கி உண்டா? ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிப் பார்ப்பவர் யார்? இவற்றைக் கேட்பது அவநம்பிக்கை அன்று. இக்கேள்விகளால் முகம் சுளிக்கும் பள்ளியுடன் பிள்ளையை அனுப்பத் தயங்குவதில் தவறில்லை என்பது நம் கருத்து.

2004 டிசம்பர் 26ஆம் நாளை மறக்காத குடும்பங்களில் கடல் என்றதும் நெஞ்சு பதறுவது இயல்பே. ஆயினும் கல்விப் பயணத்தில் பிள்ளைகளை அச்சுறுத்துவது பேரலை அன்று. "கொஞ்ச நேரம் குளிக்கிறோம், சார்" என்ற கெஞ்சல்தான். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தப் பழகிய பிள்ளைக்குக் கடலின் நீரோட்டம் தெரியாது. தனுஷ்கோடிப் பக்கம் அது மிகக் கொடியது. குளிக்க இடமில்லை என்பதை வீட்டிலேயே தந்தை ஒருமுறை சொல்லி அனுப்பினால், ஆசிரியர் அங்கே பத்து முறை சொல்ல வேண்டியிராது.

ஆழமற்ற நீரில் நடப்பதற்கும் சில பழக்கங்கள் உண்டு. வெறுங்காலுடன் இறங்கலாகாது, பழைய கான்வாஸ் காலணியே தக்கது. காலைத் தூக்கி வைக்காமல் மணலில் உரசியபடி நகர்ந்தால், மணலுக்குள் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போய்விடும். மிதித்தால் வால் முள்ளால் குத்தும். கல்லைப் போலவே கிடக்கும் நச்சு மீனும் உண்டு. இத்தகைய மீன்முள் குத்தினால், தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் காலை வைத்திருப்பது வலியைத் தணிக்கும். அப்படியே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். சொறி மீன் பட்ட இடத்தில் மணலைப் போட்டுத் தேய்ப்பது கெடுதல். கூம்பு வடிவச் சங்குகள் பார்க்க எவ்வளவு அழகோ, உயிரோடிருக்கையில் அவ்வளவு ஆபத்து. கண்ணால் காண்பது, குறிப்பேட்டில் வரைவது, கையால் எடுக்காதிருப்பது என்பதே அங்கே பாடமுறை.

எடுக்காதிருப்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. பவளப் பாறையும் கடல் அட்டையும் 2001 முதல் வனவிலங்குச் சட்டத்தின் காவலில் உள்ளவை. ஒரு துண்டைப் பையில் போட்டுக்கொள்வதும் குற்றமாகும். முற்காலத்தில் பவளக் கல் வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்புக் காளவாய்க்கும் சென்றது. 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியில் இன்றும் இடிந்து நிற்கும் நம் கோவிலின் சுவரை உற்று நோக்கினால் அக்கற்களின் நுண்துளைகளைக் காணலாம். அன்று கட்டியோரைக் குறை கூறுவதற்கில்லை. கையருகே கிடைத்த கல் அதுவே. ஆனால் பிற்காலத்தில் படகு படகாக வெட்டியதன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்னும் இரு தீவுகள் நீருக்குள் மூழ்கிப்போயின. இதை மாணவர்க்குச் சொல்லும் ஆசிரியர், கடைத்தெருவில் விற்கும் பவளத் துண்டை வாங்க வேண்டாமென்று தனியே சொல்லத் தேவையிராது.

உள்நாட்டுப் பங்குகளிலிருந்து செல்லும் நம் பிள்ளைகளுக்கு ஒன்றை வீட்டிலேயே பழக்க வேண்டும். தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் அவர்கள் காணப்போகும் கரை, காட்சிப் பொருள் அன்று. ஒரு மக்களின் தொழிற்களம். அவர்களுள் பலர் நம் மறையினரே. ஏலம் நடக்குமிடத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், வலையைத் தாண்டி மிதிப்பதும், கேளாமல் படம் எடுப்பதும் அழகல்ல. "அண்ணே, இது என்ன மீன்?" என்று பணிவாய்க் கேட்ட பிள்ளைக்கு, நூலில் இல்லாத பத்துச் செய்திகள் கிடைக்கும்.

"பெண் பிள்ளையைக் கடலுக்கு எப்படி அனுப்புவது?" என்போர் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தை அறிந்திருக்க வேண்டும். அங்கே பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு மூழ்கிக் கடற்பாசி பறிக்கிறார்கள். நம் வீடுகளில் கடற்பாசி இனிப்பு செய்கிறோமே, அதன் மூலப்பொருள் இத்தகைய பாசியிலிருந்தே வருகிறது. அவ்வூரின் லட்சுமி மூர்த்தி, தம் போன்ற பெண்களை ஒன்றுதிரட்டிப் பாசி வளத்தைப் பேணியமைக்காக 2015இல் அமெரிக்காவில் சீக்காலஜி விருது பெற்றார். உங்கள் மகள் மூழ்கப் போவதில்லை. கரையோர நீரில் நின்று பார்க்கப் போகிறாள். மாதவிலக்கு நாள் பயணத்தோடு ஒன்றினால், அதற்கென அவளை நிறுத்திவைக்க வேண்டியதில்லை. தேவையானவற்றைப் பையில் வைத்து, ஆசிரியையிடம் ஒரு சொல் சொன்னால் போதும்.

பெட்டி கட்டுவதைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. இரண்டு மாற்றுடை, தொப்பி, துண்டு, போர்வை, நீர்ப்புட்டி, பென்சில் (பேனா மை உப்பு நீரில் கரையும்), ஈர ஆடைக்குத் துணிப்பை, இவை போதும். பாலித்தீன் உறைகள் வேண்டாம். பத்து வகை முறுக்கும் வேண்டாம். படகில் ஏறும் நாளில் வயிறு இலேசாக இருத்தலே நன்று. கைப்பேசி குறித்துப் பெற்றோரிடையே கருத்து வேறுபாடு உண்டு. எமது விருப்பம், பிள்ளையிடம் வேண்டாம் என்பதே. இரவு எட்டு மணிக்கு ஆசிரியர் ஒரே செய்தியாக எல்லாப் பெற்றோர்க்கும் தெரிவிக்கட்டும். அரைமணிக்கு ஒருமுறை "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் தாயால், சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கும் வீட்டு ஏக்கம் வந்துவிடும்.

செலவு பற்றி ஒரு சொல். "எனக்குக் கடல் பிடிக்காது, நான் வரவில்லை" என்று சொல்லும் பிள்ளையின் வீட்டில் பெரும்பாலும் பணம்தான் பிடிபடவில்லை. ஆசிரியர்களுக்கு அது தெரியும். பெற்றோர் கழகம் ஓரிரு பிள்ளைகளின் செலவை ஏற்குமானால், அது யாருடையது என்பது அப்பிள்ளைகளுக்கும் தெரியாதபடி செய்ய வேண்டும்.

பிள்ளை திரும்பி வரும் நாளில் ஆடையில் மீன் வாடை அடிக்கும், கழுத்து கறுத்திருக்கும். காலில் கீறல் உண்டா என்று பாருங்கள். பாறையில் கிழித்த சிறு காயமும் எளிதில் சீழ்கொள்ளும். குளிக்கவைத்து, சோறிட்டு, உறங்கவிடுங்கள். குறிப்பேட்டை மறுநாள் கேட்கலாம்.