பி.பார்மா, பி.பி.ஏ.வா? நம் பிள்ளைகளுக்கு எது?

நசரத்பேட்டையில் நம் தெருத் தோழர் ஒருவர் போன வாரம் என்னை நிறுத்தினார். இருங்காட்டுக்கோட்டையில் ஒப்பந்தத் தொழிலாளி. இரவு ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குக்கூடப் போகவில்லை.

“அண்ணே, பாப்பா பிளஸ் டூ முடிச்சிருச்சு. சயின்ஸ் குரூப். பி.பார்ம் சேக்கறதா, பி.பி.ஏ. சேக்கறதா? பி.பி.ஏ.ன்னா மூணு வருசம்தான், பீஸும் கம்மி. எங்கயாவது ஆபீஸ்ல உக்காந்துரும்னு சொல்றாங்க.”

பி.பார்ம் என்றேன். ஏன் என்று இங்கே எழுதுகிறேன். பூந்தமல்லி முதல் ஆவடி வரை பல வீடுகளில் இதே கேள்வி இருக்கிறது.

வணிகப் படிப்பை நான் மட்டம் தட்டவில்லை. ஆனால் அந்தப் பட்டம் யார் கையில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் வேலை செய்யும். அப்பாவுக்குக் கடை, மாமாவுக்கு ஏஜென்சி, அடமானம் வைக்க நிலம் இருந்தால் பி.பி.ஏ. கைகொடுக்கும். இந்த மூன்றும் நம் வீடுகளில் இல்லாமல் போனது தற்செயலா? அண்ணல் அம்பேத்கரையே பாருங்கள். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்துத் திரும்பியவர், முதலீட்டு ஆலோசனை நிறுவனம் தொடங்கினார். அவர் சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் விலகினார்கள், தொழில் படுத்தது. 1918-இல் பம்பாய் சைடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியரானார். அங்கே உடன் வேலை செய்தவர்கள், தங்கள் தண்ணீர்ப் பானையை அவர் தொடக்கூடாது என்றார்கள். அறிவு குறைவாக இருந்ததாலா இது நடந்தது?

மருந்தியல் பட்டத்தின் கதை வேறு. 1948-ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவர் எழுதிய சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து தர வேண்டும். அவர் இல்லாமல் மருந்துக் கடைக்கு உரிமமே கிடையாது. முதலாளி எந்தச் சாதியாக இருந்தாலும் அந்தப் பதிவு எண்ணைத் தேடி வந்தாக வேண்டும். சிபாரிசு செய்ய ஆளில்லாத வீட்டுப் பிள்ளைக்குச் சட்டமே சிபாரிசு செய்கிறது.

“மெடிக்கல் ஷாப்பில் என்ன பெரிய சம்பளம்?” என்பார்கள். உண்மைதான், தொடக்கச் சம்பளம் குறைவு. ஆனால் அந்தக் கடை மட்டுமே வழியல்ல. அரசு மருத்துவமனை வேலை, மருந்துத் தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாடு, மேற்படிப்பு எல்லாம் உண்டு. பி.பார்ம் முடித்தவர் பிறகு எம்.பி.ஏ. படிக்கலாம். பி.பி.ஏ. முடித்தவர் அந்தப் பட்டத்தை வைத்து மருந்தாளுநர் ஆக முடியாது.

சொந்தத் தொழிலுக்கும் இதுவே நல்ல அடித்தளம். 2025 பிப்ரவரியில் 1000 முதல்வர் மருந்தகங்கள் திறக்கப்பட்டன. மருந்தியல் படித்த தொழில்முனைவோருக்கு அதில் 3 லட்சம் ரூபாய் மானியம். அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 35 சதவீத மூலதன மானியம் உண்டு; அதற்கு பி.பி.ஏ. பட்டம் தேவையில்லை.

பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில. பி.பார்முக்கு இயற்பியல், வேதியியலுடன் உயிரியலோ கணிதமோ வேண்டும். அதனால் பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதே பாதி முடிவு ஆகிவிடுகிறது. நான்கு வருடம் தாங்காது என்றால் இரண்டு வருட டி.பார்ம் இருக்கிறது. கல்லூரிக்கு இந்திய மருந்தியல் கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். மேனேஜ்மென்ட் கோட்டாவில் பணம் கட்டும் முன், உதவித்தொகை கிடைக்குமா என்று ஆதிதிராவிடர் நலத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் உண்டு.

பிள்ளைகளுக்கும் ஒன்று. படிப்பு முடிந்ததும் சிலர் வருவார்கள். “நீ கடைக்கு வர வேண்டாம், சர்டிபிகேட்டை மட்டும் மாட்டிக்கிறேன், மாசம் இவ்வளவு” என்பார்கள். சம்மதிக்காதீர்கள். அது சட்ட விரோதம். உங்கள் பெயர் சுவரில் தொங்க, நீங்கள் வெளியே நிற்பதற்கா நான்கு வருடம் படித்தீர்கள்?

மருந்து நமக்கு அந்நியத் தொழில் அல்ல. 1907-இல் இராயப்பேட்டையிலிருந்து ‘தமிழன்’ இதழைத் தொடங்கிய அயோத்திதாசப் பண்டிதர் சித்த வைத்தியர்தான். ஆனாலும் என் சிறுவயதில், மருந்துக் கடைக்காரர் மீதிச் சில்லறையை என் கையில் தரமாட்டார். கண்ணாடி மேல் வைப்பார், நான் பொறுக்கிக்கொள்ள வேண்டும். அந்தக் கண்ணாடிக்கு உள்பக்கம் நம் பெண் நிற்க வேண்டும் என்பது என் ஆசை.

என் ஆசை முடிவாகாது. தோழரிடம் கடைசியாக, “பாப்பா என்ன சொல்லுது?” என்று கேட்டேன். “இன்னும் கேக்கலண்ணே” என்றார். முதலில் அதைக் கேளுங்கள்.

ஜெய்பீம்!