கிராவல் குழி ஆய்வு: ஆழம் மட்டுமா கேள்வி, நிலம் யாருடையது?

வட மாவட்டம் ஒன்றில், சேரிக் குடியிருப்பை ஒட்டி இயங்கும் கிராவல் குவாரியைக் கனிமவளத் துறையினர் சில மாதங்களுக்கு முன் ஆய்வு செய்தனர். புகார் அளித்தவர் குழிக்கு அடுத்த நிலத்துக்காரர். ஒன்றரை ஏக்கரில் மணிலாவும் கேழ்வரகும் பயிரிடும் பட்டியல் சாதிப் பெண். ஆய்வு நடக்கவிருப்பது அவருக்குத் தெரிவிக்கப்படவில்லை. மூன்று நாள் கழித்து, கிராம நிர்வாக அலுவலர் போகிற போக்கில் சொல்லித்தான் அறிந்தார். குத்தகைதாரருக்கோ முன்தினமே தெரிந்திருந்தது போலும். "மொத நாள் ராத்திரியே பொக்லைன், டிப்பர் எல்லாம் கௌம்பிடுச்சுங்க சார். வேலை முடிஞ்சிடுச்சுன்னு நெனச்சோம்" என்றார் அவர் எங்களிடம்.

அறிக்கையின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே பெற்றோம். ஒரே பக்கம். இயந்திரம் எதுவும் இயங்கவில்லை, எல்லைக் கற்கள் உள்ளன, அனுமதித்த ஆழத்திற்குள்ளேயே மண் எடுக்கப்பட்டுள்ளது என்கிறது அது. ஆழம் எவ்வளவு என்று ஓர் எண்கூட இல்லை. சாட்சிக் கையொப்பமிட்ட இருவரும் ஊர்த்தெருவினர். குத்தகை ஆணை அனுமதித்ததோ 2 மீட்டர். புகார்தாரரின் வரப்பில் நின்று கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கிப் பார்த்தோம்: 24 அடி, அதாவது 7 மீட்டருக்கும் மேல். வரப்புக்கும் குழியின் விளிம்புக்கும் இடையே ஒரு முழ இடைவெளிகூட இல்லை. ஓரிடத்தில் வரப்பே சரிந்து உள்ளே விழுந்திருந்தது.

ஒரு பக்கத் தாளுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். கிராவல் சிறுகனிமம், அதற்கான விதிகளை வகுக்கும் அதிகாரத்தை 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள் மற்றும் கனிமங்கள் சட்டத்தின் 15ஆம் பிரிவு மாநில அரசுக்கு அளிக்கிறது. அதே சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி, அதிகாரமளிக்கப்பட்ட அலுவலர் எழுத்துமூலம் முறையிட்டாலன்றி நீதிமன்றம் அச்சட்டக் குற்றங்களை விசாரணைக்கு எடுக்க இயலாது. பக்கத்து நிலத்துக்காரர் நேரே நீதிமன்றம் சென்று இச்சட்டத்தின்கீழ் வழக்குத் தொடுக்க வழியில்லை. ஆக, அலுவலரின் அறிக்கை 'விதிமீறல் இல்லை' என்று முடிந்தால் அந்தக் கதவு மூடிவிடுகிறது. அனுமதியின்றிக் கனிமம் எடுப்பதைத் திருட்டுக் குற்றமாகக் காவல்துறை தனியே விசாரிக்கலாம் என்று 2014இல் சஞ்சய் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது உண்மைதான். ஆனால் அங்கும் காவல் நிலையம் முதலில் கேட்பது கனிமவளத் துறை என்ன சொல்கிறது என்பதையே.

ஆழத்திற்கு இன்னொரு விளைவும் உண்டு. கிராவல் குழிகளுக்குச் சுரங்கச் சட்டம், 1952இன் பெரும்பாலான பிரிவுகளிலிருந்து, அச்சட்டம் நடைமுறையில் இருந்த 2025 வரை, விலக்கு இருந்தது. ஆனால் திறந்தவெளிக் குழி 6 மீட்டர் ஆழத்தைத் தாண்டினால் அந்த விலக்கு அச்சட்டத்தின்கீழ் நிற்கவில்லை. கயிறும் கல்லும் கொண்டு அறிய முடிந்த இந்த உண்மையை அறிக்கை எழுதியவர் அளக்காமல் விட்டதைக் கவனக்குறைவு என்று எங்களால் ஏற்க முடியவில்லை.

இவை யாவற்றினும் பெரிய கேள்வி ஒன்று அறிக்கையில் எழவே இல்லை: குழி வெட்டப்பட்ட நிலம் யாருடையது? பழைய அ-பதிவேட்டைப் புரட்டியபோது அந்தப் புல எண்ணுக்கு நேரே 'டி.சி.' என்ற குறிப்பு இருந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் அடையாளம் அது. முதல் பத்தாண்டுகள் விற்கக் கூடாது. அதன்பின்னும் அம்மக்களுக்குள்ளேயே கைமாறலாம் என்பது நிபந்தனை. இன்றைய பட்டாவோ பிற சாதியினர் ஒருவரின் பெயரில் இருக்கிறது. குவாரி அனுமதிக் கோப்பில் அந்தப் பட்டா மட்டுமே உள்ளது. அ-பதிவேட்டை யாரும் திறந்ததாகத் தெரியவில்லை. பஞ்சமி நில மீட்பு வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடப்பவை. பயிர் செய்யப்படும் நிலம் வழக்கு முடியும்வரை நிலமாகவேனும் இருக்கும். கிராவல் எடுக்கப்படும் நிலம் நாள்தோறும் டிப்பரில் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறது. வென்றாலும் மேல்மண் இல்லாத பள்ளத்தையே நம் மக்கள் திரும்பப் பெறுவர்.

எனவேதான் இரண்டாவது புகாரை ஆட்சியருக்கும் காவல் கண்காணிப்பாளருக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் அனுப்பினோம். பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட நிலத்தைத் தவறாக ஆக்கிரமிப்பதும், அவர்களது நில, நீர் உரிமைகளில் குறுக்கிடுவதும் 3(1) பிரிவின் (எஃப்), (ஜி) உட்கூறுகளின்படி குற்றங்கள். 1995ஆம் ஆண்டு விதிகளின் 6ஆம் விதி, வன்கொடுமை பற்றிய தகவல் கிடைத்தவுடன் நிர்வாக நடுவரோ, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத காவல் அலுவலரோ தாமே நேரில் சென்று சேதத்தை மதிப்பிட்டு அறிக்கை தர வேண்டும் என்கிறது. கனிமவளத் துறையின் ஆய்வு குழியைப் பார்க்கும்; இந்த ஆய்வு இழப்புக்குள்ளானவரையும் பார்த்தாக வேண்டும். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: எல்லாக் குவாரிப் புகார்களையும் வன்கொடுமைப் புகாராக எழுதுவது பிழை. பதிவேட்டு ஆதாரம் கையில் இல்லாவிட்டால் அது நீதிமன்றத்தில் நிற்காது. அடுத்த புகாரின் வலுவையும் குறைக்கும்.

புகார்தாரரின் பெயர் வெளியே கசிவது சிறு செய்தியன்று. சட்டவிரோதக் குவாரிகளுக்கு எதிராகத் தொடர்ந்து புகார் அளித்துவந்த ஜகபர் அலி, 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே லாரி மோதிக் கொல்லப்பட்டார். குவாரி உரிமையாளர்கள் அவ்வழக்கில் கைதாயினர். இதை அறிந்துதான் நாங்கள் சந்தித்த பெண்ணும் இரண்டாவது புகாரில் கையெழுத்திட்டார். அவரது மகன் வேண்டாம் என்றே சொன்னார். இப்போது அவரோடு பதினோரு குடும்பங்கள் சேர்ந்து கையெழுத்திட்டுள்ளன.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 2(ஜே) பிரிவு, ஆவணங்களின் நகல் பெறுவதோடு, கோப்புகளை நேரில் பார்வையிட்டுக் குறிப்பெடுக்கவும் உரிமை தருகிறது. குத்தகைக் கோப்பையும் நடைச்சீட்டுப் பதிவேட்டையும் அவ்வாறு பார்க்க மனு செய்திருக்கிறோம். எத்தனை லோடுக்குச் சீட்டு வழங்கப்பட்டது என்பதையும் குழியின் கொள்ளளவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு தெரிந்துவிடும்.

மறு ஆய்வுக்கு வரும் வாரம் நாள் குறித்திருக்கிறார்கள். இம்முறை அறிவிப்பு அந்தப் பெண்ணின் கைக்கே வந்துள்ளது. ஆனால் வருவோர் பட்டியலில் நில அளவரின் பெயர் இல்லை. அவரையும் சேர்க்கக் கோரி நேற்று வட்டாட்சியரிடம் மனு அளித்தோம். குவாரியில் நேற்றும் வண்டிகள் ஓடின.